தாய்லாந்து யாருக்கும் அடிமைப்பட்டதே இல்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்துக்குப் போய் வருகிறவர்கள் ஒரு வரியைத் தவறாமல் கேட்டுவிட்டு வருவார்கள். தென்கிழக்கு ஆசியாவில் வெள்ளைக்காரனிடம் பிடிபடாத ஒரே நாடு அது என்பதுதான் அந்த வரி. சுற்றுலா வழிகாட்டி சொல்வார், பள்ளிப் பாடம் சொல்லும், டாக்ஸிக்காரர்கூடச் சொல்வார். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வரியைக் காப்பாற்ற யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று பார்த்தால்தான் அந்த நாட்டின் வரலாறு புரியும். இந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

தாய்லாந்தை அந்நியர் ஆண்டதே இல்லை என்பது சரியா?

ஐரோப்பியர் ஆண்டதில்லை என்றால் சரி. அந்நியரே ஆண்டதில்லை என்றால் தவறு. இன்று தாய்லாந்து என்கிற நிலத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் இன்றைய கம்போடியாவின் அங்கோரிலிருந்த கெமர் அரசர்களின் கையில் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் இரண்டு தாய் தலைவர்கள் சேர்ந்து கெமர் ஆளுநரை விரட்டிவிட்டு சுகோத்தாயில் அரசு அமைத்ததைத்தான் தாய் மக்கள் தங்கள் முதல் விடுதலையாகச் சொல்வார்கள். அதன்பின் 1351இல் அயுத்தயா எழுந்தது. அயுத்தயா பர்மியர்களிடம் இரண்டு முறை விழுந்தது, 1569இல் ஒரு முறை, 1767இல் ஒரு முறை. 1941இலிருந்து 1945 வரை ஜப்பானியப் படை நாடு முழுக்க நின்றது.

தாய் மொழியில் அயுத்தயா விழுந்ததற்கு ‘சியா க்ருங்’ என்றே தனிப் பெயர் உண்டு. தலைநகரை இழப்பது என்று பொருள். முதல் சியா க்ருங், இரண்டாம் சியா க்ருங் என்று எண்ணிச் சொல்வார்கள். நாம் முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர் என்று சொல்கிறோமே, அந்த மாதிரி.

1569இல் என்ன நடந்தது?

பெகுவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பர்மிய மன்னர் பயின்னவுங் அன்று அந்த வட்டாரத்திலேயே பெரிய ஆள். அயுத்தயா அரசரிடம் வெள்ளை யானைகள் இருந்தன. வெள்ளை யானை வைத்திருப்பது பேரரசனின் அடையாளம். பயின்னவுங் அவற்றைக் கேட்டார், அயுத்தயா மறுத்தது, போர் வந்தது. யானை வெறும் சாக்கு. யார் மேல், யார் கீழ் என்பதுதான் உண்மையான வழக்கு.

1564இல் அயுத்தயா பணிந்தது. பிறகு மீறிப் பார்த்தது. 1569 ஆகஸ்டில் நகரம் முழுதாக விழுந்தது. பிட்சனுலோக் ஆளுநராக இருந்த மகா தம்மராஜா ஏற்கெனவே பர்மியப் பக்கம் சேர்ந்திருந்தார். அவரையே அயுத்தயா அரியணையில் அமர்த்தினார் பயின்னவுங். அடுத்த பதினைந்து ஆண்டுகள் அயுத்தயா பெகுவுக்குக் கப்பம் கட்டியது.

நரேசுவன் என்பவர் யார்? அவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

அந்த மகா தம்மராஜாவின் மகன். சிறுவயதிலேயே பிணையாகப் பெகுவுக்குக் கொண்டுபோகப்பட்டு, பர்மிய அரண்மனையில் வளர்ந்து, படை நடத்தும் முறையை அங்கேயே கற்றுக்கொண்டு திரும்பியவர். 1584இல் பர்மாவுக்குள் படையோடு போயிருந்தபோது, பெகுவுடனான உறவு இன்றோடு அறுந்தது என்று அறிவித்தார். தங்கக் குடுவையிலிருந்து நிலத்தில் நீர் வார்த்து அதை அறிவித்தார் என்கின்றன தாய் வரலாற்றேடுகள். நமக்கு நீர் வார்த்தல் பழக்கமான சடங்குதான், ஆனால் நாம் தாரை வார்ப்பது கொடுப்பதற்கு. அவர் வார்த்தது திரும்ப எடுத்துக்கொள்வதற்கு. எனக்கு அந்த வரலாற்றில் மிகவும் பிடித்த காட்சி இது.

1593இல் நோங் சராய் என்ற இடத்தில் பர்மிய இளவரசர் மிங்யி சுவா போரில் இறந்தார். நரேசுவன் அவரை யானைமேல் நேருக்கு நேர் நின்று வெட்டினார் என்பது தாய் மரபு. துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார் என்பது பர்மிய ஏடு. எப்படியும் பர்மியப் படை திரும்பிப் போனது. ஜனவரி 18ஐ தாய்லாந்து ராணுவ நாளாக இன்றும் அனுசரிக்கிறார்கள்.

பயின்னவுங் அள்ளிக்கொண்டு போனவற்றில் ஏதாவது இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது. மியன்மாரின் மாண்டலே நகரில் மகாமுனி புத்தர் கோயில் உண்டு. அதன் வளாகத்தில் ஆறு வெண்கல உருவங்கள் நிற்கின்றன: மூன்று சிங்கங்கள், ஒரு மூன்று தலை ஐராவதம், இரண்டு ஆள் உருவங்கள். இவை கெமர் கலைஞர்கள் அங்கோரில் வார்த்தவை. 1431இல் அங்கோரைப் பிடித்த அயுத்தயா அவற்றைத் தன் ஊருக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து பயின்னவுங் பெகுவுக்குக் கொண்டுபோனார். பெகு சரிந்தபோது மேற்கே கடற்கரையில் இருந்த அரக்கான் நாட்டு அரசர் எடுத்துக்கொண்டார். 1784இல் அரக்கானைப் பிடித்த பர்மிய மன்னர் போதவ்பயா தன் தலைநகருக்குக் கொண்டுவந்தார்.

இப்போது அவற்றைத் தொட்டுத் தடவ மக்கள் வருகிறார்கள். நமக்கு உடம்பில் எங்கே வலிக்கிறதோ, சிலையில் அதே இடத்தைத் தேய்த்தால் வலி போகும் என்பது நம்பிக்கை. ஆள் உருவங்களின் வயிறு தேய்ந்து பளபளவென்றிருக்கும். ‘அந்நியர் கொள்ளை’ என்று எந்த நாட்டுப் புத்தகத்தில் படித்தாலும் எனக்கு இந்த ஆறு சிலைகள்தான் ஞாபகம் வருகின்றன. அயுத்தயா இழந்தது அயுத்தயாவே கொள்ளையடித்தது.

1767 மட்டும் ஏன் இவ்வளவு வலிக்கிறது?

1569இல் நகரம் கைமாறியது, அழியவில்லை. 1767இல் அழிந்தது.

கொன்பவுங் வம்சத்து மன்னர் சின்பியூஷினின் இரண்டு படைகள், வடக்கிலிருந்து ஒன்றும் தெற்கிலிருந்து ஒன்றுமாக வந்து அயுத்தயாவை வளைத்தன. அந்த நகரம் ஆறுகள் சூழ்ந்த தீவு. முற்றுகை வந்தால் மழைக்காலம் வரை தாக்குப்பிடித்தால் போதும், வெள்ளம் எதிரியை விரட்டிவிடும் என்பது பழைய கணக்கு. இந்த முறை பர்மியர் வெள்ளத்திலும் நகரவில்லை. மேட்டில் முகாம் போட்டு, படகுகளைச் சேர்த்துக்கொண்டு பதினான்கு மாதம் உட்கார்ந்தார்கள். உள்ளே பஞ்சமும் தீயும். 1767 ஏப்ரல் 7 அன்று மதில் உடைந்தது. அரசர் ஏகதத் இறந்தார்.

அதன்பின் நடந்ததற்கு வாட் ப்ரா சி சன்பேட் கோயிலை ஒரு சான்றாகச் சொல்லலாம். அங்கே ஏறக்குறைய 16 மீட்டர் உயரத்தில், தங்கத் தகடு போர்த்திய நின்ற கோலப் புத்தர் இருந்தார். தங்கத்தை உருக்கி எடுப்பதற்காக அந்தச் சிலைக்கே தீ வைத்தார்கள். எஞ்சிய உலோகக் கூட்டைப் பின்னாளில் முதலாம் ராமா பாங்காக்குக்குக் கொண்டுவந்து வாட் போ கோயிலில் ஒரு சேதிக்குள் (தூபிக்குள்) வைத்து மூடினார். இன்று அயுத்தயா போனால் தலையில்லாத புத்தர் வரிசைகளையும், வாட் மகாதாட்டில் மரவேர்களுக்கு நடுவே சிக்கிய ஒரு புத்தர் முகத்தையும் பார்க்கலாம். அந்த முகத்தோடு படம் எடுக்க வேண்டுமானால் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். நம் தலை புத்தரின் தலைக்கு மேலே போகக் கூடாது.

அரச குடும்பத்தார், கைவினைஞர்கள், கூத்தர்கள் என ஆயிரக்கணக்கானோரைப் பர்மாவுக்கு நடத்திச் சென்றார்கள். துறவியாகிவிட்ட முன்னாள் அரசர் உதும்போனும் அவர்களில் ஒருவர். அவர் அங்கேயே இறந்தார். பர்மிய செவ்வியல் இசையிலும் நடனத்திலும் ‘யோதயா’ என்றே ஒரு பாணி இருக்கிறது. அயுத்தயாவின் பர்மிய உச்சரிப்புதான் அது.

அப்படி அழிந்த நாடு ஏழே மாதத்தில் எப்படி எழுந்தது?

இரண்டு காரணம். ஒன்று, அதே நேரத்தில் வடக்கே சீனாவின் சிங் பேரரசு பர்மா மேல் படையெடுத்தது. பர்மியப் படை பெரும்பகுதி ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அயுத்தயாவுக்கு அருகே ஒரு சிறு காவல் படையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

இன்னொன்று தாக்சின். சீனத் தந்தைக்குப் பிறந்தவர், மேற்கே தாக் என்ற ஊரின் ஆளுநர். நகரம் விழுவதற்கு மூன்று மாதம் முன்பு, 1767 ஜனவரியில், சில நூறு பேரோடு முற்றுகையை உடைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைக்குப் போனார். சந்தபுரி நகர் அவருக்குக் கதவு திறக்கவில்லை. தாக்குதலுக்கு முந்தைய மாலை, படைவீரர்களைச் சாப்பிடச் சொல்லி, சாப்பிட்டதும் மிச்சச் சோற்றைக் கொட்டிப் பானைகளை உடைக்கச் சொன்னார் என்பது கதை. காலைச் சோறு ஊருக்குள்ளே, இல்லையேல் எல்லோரும் சேர்ந்து சாவு. ஊர் அன்றிரவே விழுந்தது. அங்கே கப்பல் கட்டி, நவம்பரில் ஆற்றுவழியே மேலேறி, போ சாம் டோன் முகாமிலிருந்த பர்மியக் காவல் படையை முறியடித்தார்.

அயுத்தயாவைத் திரும்பக் கட்டாமல் தொன்புரியைத் தலைநகராக்கினார். 1782இல் அவரையே வீழ்த்திக் கொன்றுவிட்டு அவருடைய தளபதி முதலாம் ராமாவாக அரியணை ஏறினார். இன்றைய சக்ரி வம்சம் அவருடையது. நாட்டை மீட்டவருக்கு அந்த நாடே கொடுத்த முடிவு அது. அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் மனசு கொஞ்சம் கனக்கிறது.

பிரிட்டனும் பிரான்சும் சியாமை ஏன் விட்டுவைத்தன?

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். சியாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். அதற்கு மேற்கே பிரிட்டிஷ் பர்மா, தெற்கே பிரிட்டிஷ் மலாயா, கிழக்கே பிரெஞ்சு இந்தோசீனா. ஆனால் இடிக்கிற இரண்டு கையும் நேருக்கு நேர் மோதிக்கொள்ள விரும்பவில்லை. நடுவில் ஒரு நாடு இருந்தால் இருவருக்கும் நல்லது. 1896இல் பிரிட்டனும் பிரான்சும் தங்களுக்குள்ளேயே பேசி, சாவ் பிரயா ஆற்றுப் படுகையில் இருவரும் கை வைப்பதில்லை என்று எழுதிக்கொண்டன. சியாமை அழைத்துக் கேட்கக்கூட இல்லை.

அதற்காக சியாம் சும்மா இருந்து தப்பித்தது என்று சொல்வது அநியாயம். மன்னர் மோங்குட், அவர் மகன் சூளாலங்கோர்ன் இருவரும் உலகம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தவர்கள். சட்டம், வரி, படை, ரயில், பள்ளி என்று எல்லாவற்றையும் மாற்றினார்கள், அடிமை முறையைப் படிப்படியாக ஒழித்தார்கள். “நாகரிகம் இல்லாத நாடு, நாங்கள் வந்து திருத்துகிறோம்” என்று சொல்ல ஐரோப்பியருக்கு வாய்ப்பே கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு.

1893 நெருக்கடி என்பது என்ன?

சூளாலங்கோர்ன் சாவ் பிரயா முகத்துவாரத்தில் ஒரு புதிய கோட்டை கட்டியிருந்தார். அதில் ஏழு ஆம்ஸ்ட்ராங் பீரங்கிகள். குழிக்குள் பதுங்கியிருந்து, சுடும்போது மட்டும் மேலே எழும்பி, சுட்டதும் மறுபடி உள்ளே போகிற வகை. தாய் மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘சுவா மோப்’, அதாவது பதுங்கும் புலி. இன்றும் அந்தக் கோட்டையில் குழிகளோடு அவற்றைப் பார்க்கலாம்.

1893 ஜூலை 13 மாலை பிரான்சின் இரண்டு போர்க்கப்பல்கள் தடுப்பை மீறி உள்ளே நுழைந்தன. புலிகள் எழுந்து சுட்டன. கப்பல்கள் அடி வாங்கின, ஆனால் நிற்கவில்லை. அன்றிரவே பாங்காக்கில் நங்கூரம் போட்டன. பிறகு முற்றுகை, கெடு, கையெழுத்து. மேகோங்கின் இடக்கரை முழுதும், அதாவது இன்றைய லாவோஸின் பெரும்பகுதி, பிரான்சுக்குப் போனது. அதோடு 30 லட்சம் பிராங்க் தண்டம். மோங்குட்டுக்கு முன் ஆண்ட மூன்றாம் ராமா சிவப்புத் துணிப்பைகளில் சேமித்து வைத்திருந்த வெள்ளிக் காசுகளைக் கொண்டுதான் அந்தக் கடனைத் தீர்த்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள்.

ஒப்பந்தம் நிறைவேறும்வரை பிணையாகச் சந்தபுரியைப் பிரெஞ்சுப் படை வைத்துக்கொண்டது. பதினோரு ஆண்டு. அங்கே லேம் சிங் கடற்கரையில் ஒரு சிறிய சதுரச் செங்கல் கட்டடம் நிற்கிறது. சுவரில் காற்றுக்கு ஒல்லியான பிளவுகள் மட்டும். பெயர் ‘குக் கீ காய்’, கோழிப்பீச் சிறை. கைதிகளைக் கீழே அடைத்து, மேலே கோழிகளை வளர்த்தார்கள், எச்சம் அவர்கள் தலையில் விழும் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். “ஐரோப்பியர் கால் படாத நாடு” என்று யாராவது சொன்னால் அந்தக் கட்டடத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்கச் சொல்ல வேண்டும்.

மொத்தம் எவ்வளவு நிலம் போனது?

1893க்குப் பிறகு 1904இல் மேகோங்கின் வலக்கரையில் சில பகுதிகள், 1907இல் பட்டம்பாங், சியம் ரியப், சிசோபோன். அங்கோர்வாட் இருப்பது சியம் ரியப்பில்தான், அதுவரை சியாமின் கையில் இருந்தது. 1909இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு பிரிட்டனுக்கு. கெடா என்பது நம் சோழர் கல்வெட்டுகளில் வரும் கடாரம்.

ஆனால் இங்கே நின்று யோசிக்க வேண்டும். போன நிலத்தில் இருந்தவர்கள் லாவோ, கெமர், மலாய் மக்கள். அவர்களுக்கு பாங்காக்கும் அந்நியர்தான்.

அப்படியானால் சியாமும் மற்றவர்களை அடிமைப்படுத்தியதா?

ஆம். 1770களின் இறுதியில் தாக்சினின் படை லாவோ தலைநகர் வியன்டியானைப் பிடித்து மரகத புத்தரை எடுத்து வந்தது. பாங்காக் அரண்மனைக் கோயிலில் எல்லோரும் கும்பிடுகிற சிலை அதுதான். லாவோ அரசர் அனுவோங் 1826இல் விடுதலைக்குக் கிளர்ந்தெழுந்தபோது சியாம் வியன்டியானையே தரைமட்டமாக்கியது. அனுவோங் பாங்காக்கில் சிறைப்பட்டு இறந்தார். அயுத்தயாவுக்குப் பர்மியர் செய்ததை, அது நடந்து ஏறக்குறைய அறுபது ஆண்டில், இவர்கள் வியன்டியானுக்குச் செய்தார்கள்.

தெற்கே மலாய் முஸ்லிம்களின் பட்டானி சுல்தானகம் 1786இல் அடக்கப்பட்டது. அந்தக் காயம் இன்றும் ஆறவில்லை. வடக்கே சியாங் மாயை மையமாகக் கொண்ட லான் நா இருநூறு ஆண்டுக்கு மேல் பர்மாவின் கீழ் இருந்து, பிறகு பாங்காக்கின் கீழ் வந்தது. ஒரு சியாங் மாய்க்காரரிடம் “நீங்கள் எப்போது விடுதலை பெற்றீர்கள்?” என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது அவரைப் பொறுத்தது.

நிலம் மட்டும்தான் விலையா?

இல்லை. 1855இல் பிரிட்டன் சார்பில் ஜான் பவ்ரிங் வந்து போட்ட ஒப்பந்தப்படி சியாம் தன் துறைமுகத்தில் இறக்குமதிக்கு 3 சதவீதத்துக்கு மேல் வரி வாங்க முடியாது. பிரிட்டிஷ் குடிமகன் சியாமில் குற்றம் செய்தால் பிரிட்டிஷ் தூதரகம்தான் விசாரிக்கும். மற்ற நாடுகளும் வரிசையாக வந்து இதே சலுகையை வாங்கிக்கொண்டன.

இதிலிருந்து மீள எண்பது ஆண்டு ஆயிற்று. முதல் உலகப் போரில் 1917இல் நேச நாடுகளோடு சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் வீரர்களை பிரான்சுக்கு அனுப்பியது அதற்காகத்தான். இன்றைய மூவண்ணக் கொடி வந்ததும் அந்த ஆண்டில்தான். 1920இல் அமெரிக்கா, 1925இல் பிரிட்டனும் பிரான்சும் இறங்கி வந்தன. 1937இல்தான் கடைசி முடிச்சும் அவிழ்ந்தது. என்னைக் கேட்டால், சியாம் முழு இறையாண்மை பெற்ற ஆண்டு 1937. துப்பாக்கி வெடிக்காமல், வழக்கறிஞர்களும் தூதர்களும் மேசையில் உட்கார்ந்து வென்ற விடுதலை என்பதால் அதற்கு ஊர்வலம் இல்லை.

தாய்லாந்தின் சுதந்திர நாள் எது?

நாட்டுக்கு இல்லை. தேசிய நாள் டிசம்பர் 5, அது மன்னர் பூமிபோலின் பிறந்தநாள். டிசம்பர் 28 தாக்சின் நாள்.

ஆனால் திராட் மாகாணத்தில் ஒரு நாள் உண்டு. பிரெஞ்சுப் படை சந்தபுரியை விட்டபோது, பதிலாகத் திராட்டைப் பிடித்துக்கொண்டது. 1907 மார்ச் 23 உடன்படிக்கையில்தான், அந்த மூன்று கெமர் மாகாணங்களுக்கு ஈடாக, திராட் திரும்பக் கிடைத்தது. ஆண்டுதோறும் மார்ச் 23ஐ திராட் மக்கள் நினைவு நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

1941இல் ஜப்பான் ஆக்கிரமித்ததா, அல்லது தாய்லாந்து கூட்டு சேர்ந்ததா?

இரண்டும். 1941 டிசம்பர் 8 விடியற்காலை பட்டானி, சொங்க்லா, சும்போன், பிரச்சுவாப் கிரி கான் என்று கடற்கரை நெடுகிலும் ஜப்பானியர் இறங்கினார்கள். பிரச்சுவாப்பில் ஆவ் மனாவ் விமானத் தளத்தில் இருந்தவர்களுக்குப் போர்நிறுத்தச் செய்தி சரியாகப் போய்ச் சேராததால் மறுநாள் நண்பகல் வரை சண்டை போட்டார்கள். மற்ற இடங்களில் சில மணி நேரத்தில் முடிந்தது. பிரதமர் பிபுன் வழி விட்டார். டிசம்பர் 21 அன்று மரகத புத்தர் கோயிலிலேயே ஜப்பானுடன் கூட்டணி கையெழுத்தானது. 1942 ஜனவரி 25இல் அமெரிக்கா, பிரிட்டன் மேல் போர் அறிவிப்பு.

காகிதத்தில் நட்பு நாடு. அன்றாட வாழ்க்கையில் ஜப்பானியப் படை வைத்ததுதான் சட்டம். பாத்தும் யென்னும் சம மதிப்பு என்று ஆக்கினார்கள், படைச் செலவுக்குத் தாய் அரசிடமே கடன் வாங்கினார்கள், விலைவாசி எகிறியது.

தோற்ற பக்கத்தில் நின்றும் எப்படித் தப்பியது?

வாஷிங்டனில் தாய் தூதராக இருந்த சேனி பிரமோஜ், போர் அறிவிப்பை அமெரிக்காவிடம் கொடுக்க மறுத்துவிட்டார். அங்கே ‘சேரி தாய்’, சுதந்திரத் தாய் இயக்கம் தொடங்கியது. உள்நாட்டில் அதன் தலைவர் யார் தெரியுமா? சிறுவனாக இருந்த மன்னருக்குப் பதிலாள் பதவியில் இருந்த பிரீடி பனோம்யோங். ஜப்பானியர் கண் முன்னாலேயே உட்கார்ந்து, ‘ரூத்’ என்ற ரகசியப் பெயரில் நேச நாடுகளோடு தொடர்பு வைத்திருந்தார். ஜப்பான் சரணடைந்த மறுநாள், 1945 ஆகஸ்ட் 16, அந்தப் போர் அறிவிப்பு செல்லாது என்று அறிவித்தார்.

அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. பிரிட்டன் லேசில் விடவில்லை. 1946 ஜனவரி 1 உடன்பாட்டில் 15 லட்சம் டன் அரிசி இலவசமாகக் கேட்டது. போர்க்காலத்தில் ஜப்பான் தயவில் பிடித்த நிலங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்த பிறகு, 1946 டிசம்பரில் தாய்லாந்து ஐ.நா.வில் சேர்ந்தது.

சயாம் மரண ரயிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இந்த ஆக்கிரமிப்பில்தான் அது வருகிறது. மலேசியத் தமிழர்கள் ‘சயாம்’ என்றாலே நினைப்பது இதைத்தான். தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஏறத்தாழ 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகளோடு, மலாயா, ஜாவா, பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அவர்களில் மலாயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். நல்ல கூலி, சில மாதத்தில் வீடு திரும்பலாம் என்று சொல்லி ஏற்றினார்கள். ஆள் சேராதபோது லாரியில் பிடித்துப் போட்டார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. போர்க்கைதிகளுக்காவது அவர்களுடைய படை மருத்துவர்கள் உடன் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து வந்தவருக்கு யாரும் இல்லை. கைதிகளில் சுமார் 13,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் 80,000 முதல் 100,000 வரை.

காஞ்சனபுரியில் ரயில் நிலையத்துக்கு அருகே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வெட்டிவிட்ட புல், ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. 22, 24, 27 என்று படித்துக்கொண்டே நடக்கும்போது தொண்டை அடைக்கும். கைதிகள் எத்தனை பேர், யார் யார் என்று பட்டியல் இருந்ததால் அவர்களைத் தேடி எடுத்து அடக்கம் செய்ய முடிந்தது. தோட்டத் தொழிலாளிக்குப் பட்டியல் வைக்கவில்லை. அவர்களை முகாமுக்குப் பக்கத்திலேயே குழி தோண்டிக் கும்பலாகப் போட்டார்கள், காலரா வந்த இடங்களில் எரித்தார்கள்.

அந்தப் பாதையில் இப்போதும் தினசரி ரயில் ஓடுகிறது, நாம் டோக் வரை. அதற்கு அப்பால் போருக்குப் பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். குவாய் ஆற்றங்கரைப் பாறையை ஒட்டி மரத்தூண்கள்மேல் நிற்கும் வாங் போ பாலத்தில் வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு இறங்கும். ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் பாறை தொடும் தூரம். எல்லோரும் போனை வெளியே நீட்டிப் படம் எடுப்பார்கள். தாத்தாவின் அண்ணன் இங்கே எங்கோ இருக்கிறார் என்று வரும் மலேசியத் தமிழர்கள், பூ வைக்க ஒரு பெயர்க்கல் கிடைக்காமல், ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.